பதினான்குக்குப் பன்னிரண்டு

ஓட்டைப் படகின் தரைத்தகடு அது.
கால் அங்குல அலுமினியம்.
பதினான்கு அங்குல நீளம், பன்னிரண்டு அகலம் என்று
சாக்பீஸால் கோடு போட்டேன்.
பீட்சா வரும் அட்டை இதைவிடப் பெரிது.

டாரல்ட் வெல்டிங் முகமூடியை நிமிர்த்திக் கேட்டான்:
"இதன் மேலா நிற்கப் போகிறாய், மார்லிஸ்?"
நிற்பதில்லை, சாய்வது என்றேன்.
இடுப்பில் சேணம், மரத்தைச் சுற்றிக் கயிறு,
கயிற்றில் நான்.
கால் வைக்க மட்டும் ஓர் இடம்.
"சேணம் குதிரைக்கல்லவா?"
மரத்துக்கும் எனக்கும் நடுவில்
யார் குதிரை என்று யோசித்துக்கொண்டே
முதல் பொட்டை வைத்தான்.

கடையில் இதே சாமான் முன்னூறு டாலர்.
கோடை முழுக்கப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது;
பஸ் ஓட்டுகிறவளுக்குச் சம்பளம் செப்டம்பரில்தான்.

மரத்தை அணைக்க நடுவில் ஒரு கவை.
கவையில் அரத்தால் ராவிய எட்டுப் பற்கள்.
லாரியில் சரக்குக் கட்டும் பட்டை ஒன்று.

முதல் சோதனை, பின்வாசல் பிர்ச் மரத்தில்,
முழங்கால் உயரத்தில்.
இடது ஓரத்தில் மிதித்ததும் தகடு சுழன்றது.
விழுந்தேன் என்று சொல்ல முடியாது,
அதற்கு உயரம் போதவில்லை.
மரத்தின் பட்டையை என் பட்டை பிடிக்கவில்லை.
கவையை இரண்டு அங்குலம் அகட்டினோம்.
பிறகு மணல் மூட்டைகள் நான்கு,
என் எடையைப்போல் இரண்டு மடங்கு
(எண்ணை இங்கே எழுதமாட்டேன்),
ஒரு ராத்திரி முழுக்க மழையில் நின்றன.
காலையில் தகடு அப்படியே இருந்தது.
மூட்டை ஒன்றின் மேல் அணில்.

தாங்குவது எளிது.
வாயை மூடவைப்பதுதான் பாடு.
எடை மாற்றும்போதெல்லாம் ஒரு கிறீச்.
நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் செத்த காதுக்கு
அது மட்டும் ஊசிபோல் கேட்டது.
நைலான் வாஷர் போட்டேன்.
சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினேன்.
ஹாக்கி மட்டையில் சுற்றும் துணி டேப்பை
விளிம்பெல்லாம் சுற்றினேன்.
பன்னிரண்டு ராத்திரி.
பதின்மூன்றாம் ராத்திரி அதன் மேல் ஆடினேன்கூட.
சத்தமில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று.
மேப்பிளில் இருபதடி உயரத்தில்
கயிற்றை நம்பி உட்கார்ந்திருந்தேன்,
உட்கார்ந்தேனா நின்றேனா,
இரண்டுக்கும் நடுவே தமக்கென்று
முழங்கால்கள் ஒரு சொல் வைத்திருக்கும்.

நான்கரை மணிக்கு வந்தது.
வெள்ளைவால், ஒரு கொம்பு கோணல்.
வில்லை எடுத்தேன்.
அது நேராக நடந்து என் மரத்தடிக்கே வந்தது.
குனிந்து பார்த்தால்
மானுக்கும் அம்புக்கும் நடுவே
நான் ராவி, துளைத்து, டேப் சுற்றிய தகடு.
இந்தப் பக்கம் ஒரு காது தெரிந்தது,
அந்தப் பக்கம் வால்.

பிறகு அது முன்கால்களை மடித்தது.
படுத்துக்கொண்டது.

சூரியன் போயிற்று.
வேட்டை நேரமும் முடிந்தது.
வில்லைக் கிளையில் மாட்டினேன்.
பாதம் மரத்தது, பிறகு மற்ற பாதம்.
கீழே அசைபோடும் சத்தம்.

மெதுவாக எடையை இடது ஓரத்துக்கு மாற்றினேன்.
ஒன்றுமில்லை.
வலது ஓரத்துக்கு.
குதிகாலால் ஒரு தட்டு.
ரப்பர் அதையும் விழுங்கிக்கொண்டது.
பன்னிரண்டு ராத்திரி நான் துரத்திய கிறீச்
இப்போது ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

கடைசியில் பஸ் குரலில் சொன்னேன்:
"எழுந்திரு. நாளைக்கு ஐந்தரைக்கு நான் வண்டி எடுக்கணும்."

அண்ணாந்து பார்த்தது.
ஓடவில்லை.
கடைசி வரிசைப் பையன்கள் இறங்குவதுபோல்
அவசரமே இல்லாமல் எழுந்து,
ஒருமுறை உதறி,
ஃபிர் மரங்களுக்குள் போயிற்று.

இறங்கி டார்ச் அடித்தேன்.
அழுந்திய இலைகளில் கை வைத்தேன். சூடு.
அளவுநாடா இன்னும் கோட்டுப் பையிலேயே இருந்தது.
நாற்பதுக்கு இருபத்தாறு.